கருப்புச் சட்ட வீடும் செங்கல் வீடும்

நெதர்கோம்ப் கிராமத்தில் கோடைத் திருவிழாவுக்கு முதல் மணி அடிக்கும் உரிமை, அன்று காலை ஊரின் மிகப் பழைய வீட்டில் கண்விழித்தவருக்கு. இருபத்திரண்டு வருடமாக அந்த மணிக்கயிற்றை ஹூபர்ட் தாக்வெல் யாருக்கும் விட்டதில்லை. அவர் வீட்டின் வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கருப்பு மரச்சட்டங்கள் ஓடும். நானூறு வருடப் பழசு என்பார். எதிரே இருந்த வினிஃப்ரெட் ஸ்கட்டின் செங்கல் வீட்டை ‘பிஸ்கட் டப்பா’ என்று கேலி செய்வார்.

இந்த வருடம் தலைக்கனம் முற்றி, பழங்கட்டடங்களை ஆராயும் மிஸ் ப்ரிட்ச்சர்டை அவரே கடிதம் போட்டு வரவழைத்தார். அவள் கொடுக்கப்போகும் சான்றிதழை மாட்ட ஆணிகூட அடித்தாகிவிட்டது. அவள் பேனாக்கத்தியால் ஒரு சட்டத்தின் விளிம்பை நெம்பினாள். சட்டம் வெறும் பலகையாகக் கையோடு வந்தது. பின்னால் செங்கல்.

"உங்க கொள்ளுத்தாத்தா அழகுக்கு அடிச்சது மிஸ்டர் தாக்வெல். மொத்த வீடே நூத்தம்பது வருஷம் தாண்டாது."

வினிஃப்ரெட் அவளைத் தேநீருக்கு அழைத்தாள். போனவள் பரணிலும் ஏறிப் பார்த்தாள். கைமரமெல்லாம் புகைக்கரி. புகைபோக்கி வைக்கும் வழக்கம் வருமுன், நடுக்கூடத்தில் தீ மூட்டிய காலத்துக் கூரை அது; ஐந்நூறு வருடம் இருக்குமாம். செங்கல், பின்னால் வந்த யாரோ நாகரிகத்துக்குப் போர்த்திய சட்டை. இந்த வீட்டில் ஒருவர் பழசைப் புதுசாக்கினார், எதிர்வீட்டில் ஒருவர் புதுசைப் பழசாக்கினார். இரண்டு பேருமே சந்தையில் கடை போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

மணிக்கயிறு எதிர்வீட்டுக்குப் போகப்போவதை நினைத்து ஹூபர்டுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் மாலை, ஒரு கையில் நெல்லிக்காய் ஜாம், மறு கையில் இரவு உடுப்புப் பையுடன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அரைமணி நேரம் மழையைப் பற்றியும் அவள் ரோஜாக்களைப் பற்றியும் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். முழித்தவர் என்றுதானே வழக்கம், சொந்தக்காரர் என்று இல்லையே.

"அப்போ என் பிஸ்கட் டப்பாவுல படுக்க வந்திருக்கீங்க?"

"ஒரே ஒரு ராத்திரி, வினிஃப்ரெட்."

"பரண்தான் காலி. கரி ஒட்டுனா என்கிட்ட வந்து அழக்கூடாது."

காலையில் இருவரும் சேர்ந்து திடலுக்கு வந்தபோது ஊரே ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டது. பாதிரியார் கயிற்றை வினிஃப்ரெடிடம் நீட்டினார். அவளும் அந்த வீட்டில்தானே முழித்தாள்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "நான் எங்க முழிச்சேன் ஃபாதர்? இவர் விட்ட குறட்டையில கண்ணே மூடலையே."

கரி அப்பிய முகத்தோடு ஹூபர்ட் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.