தாஸ் வீட்டு இன்ஜின்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஜீவனஹள்ளியில் எங்கள் பின்தெருவில் இருக்கும் தனலக்ஷ்மி, நான் எழுதுகிறவன் என்று யாரோ சொல்லக் கேட்டு வீட்டுக்கே வந்தார். "பழைய கார் பத்தித் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா சார்?" எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'மழையில் நனைந்தபடி யானைக்குட்டி போலக் கிடந்தது அந்த...' அடித்துவிட்டேன். அது யானைக்குட்டி இல்லை. பழைய காரின் இன்ஜின் பிளாக். கம்பெனிப் பெயர் இல்லை, நம்பர் இல்லை.

நேராகவே சொல்கிறேன். தனலக்ஷ்மியின் அப்பா தாஸ், கோலார் தங்கவயலில் ஒரு பங்களாவின் கார் ஷெட்டில் மெக்கானிக். அங்கே நின்றிருந்த பழைய காரின் இன்ஜின் காணாமல் போனது. தாஸ்தான் திருடினார் என்று வேலையைவிட்டுத் துரத்தினார்கள். பிறகு பெங்களூரில் அவர் வீட்டில் ஓர் இன்ஜினைப் பார்த்த உறவுக்காரர்கள், அதுதான் இது என்றார்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கியது, வேண்டுமானால் அதில் குத்தியிருக்கும் நம்பரைப் பாருங்கள் என்று தாஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

சமீபத்தில் தாஸ் இறந்தார். மூத்த மகன் குணசேகர் கொள்ளி வைக்க வரவில்லை. "திருடன் பையன்னு ஸ்கூல்ல என்னைத்தானே கூப்பிட்டாங்க" என்று போனை வைத்துவிட்டாராம். [குணசேகர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எழுதுவது சுலபம்.] அப்பா காரியத்துக்காவது அண்ணன் வர வேண்டும், அதற்கு இது வேறு இன்ஜின் என்று தெரிய வேண்டும். தனலக்ஷ்மி கேட்டது அவ்வளவுதான்.

3

அல்சூரில் பழைய கார்களைச் சரிசெய்யும் சுனிலை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். டார்ச் அடித்து, பக்கத்தில் படுத்து, துருவைச் சுரண்டிப் பார்த்தார்.

"முப்பத்தி நாலுலேர்ந்து முப்பத்தெட்டுக்குள்ள வந்த மாடல் சார். அதுக்கு மேல நம்பர் இருந்தாதான் சொல்ல முடியும்."

காணாமல் போன கார் முப்பத்தாறாம் வருஷத்து மாடல். உதவாத பதில்.

சுனில் பிளாக்கின் பக்கவாட்டில் விரல் வைத்தார். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு, அங்கே மட்டும் வழவழப்பு. "நோடி சார், இங்க பாருங்க, நம்பர் இங்கதான் குத்தியிருப்பாங்க. யாரோ தேச்சிருக்காங்க. ஒருநாள்ல இல்ல, ரொம்ப வருஷமா."

"நான்தான்" என்றார் தனலக்ஷ்மி, பெருமையாக. "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு. அந்த இடம்தான் மட்டமா இருக்கும், சந்தனம் குங்குமம் நல்லா நிக்கும். எமரி பேப்பர் போட்டு பளபளன்னு தேய்மான்னு அப்பா சொல்வாரு. அவ்ளோ சுத்தமா வெச்சிருந்தும் நம்பர் தெரியலயா சார்?"

சுனில் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

4

* இங்கே எனக்குத் தாஸ்மேல் சந்தேகம் வந்தது. நம்பரைப் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொன்ன மெக்கானிக்குக்கு, மகள் எதைத் தேய்க்கிறாள் என்று தெரியாதா? பூஜை மும்முரத்தில் கவனிக்காத தாஸ் ஒருவர். மகளின் கையாலேயே அழிக்க வைத்த தாஸ் இன்னொருவர். இருவரையும் எழுதிப் பார்த்தேன். இருவரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: இது முப்பத்தெட்டில் வந்த இன்ஜின் என்று பொய் சொல்கிறேன். குணசேகர் வருகிறார், மொட்டை போட்டுக்கொள்கிறார், அழுகிறார். (நன்றாகவே வந்தது. சுனிலிடம் காட்டவில்லை.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறேன். தனலக்ஷ்மி தன் கையை...

முடிவு மூன்று இல்லை. நாளைக்குக் காரியம். என் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, தனலக்ஷ்மிதான். எடுத்தவுடன், "அண்ணன்கிட்ட என்ன சார் சொல்லட்டும்?" என்றுதான் கேட்பார்.

என்னால் முடியவில்லை. நீங்கள் எடுங்கள்.