ஆறு வயதுச் சட்டை

"எத்தனை பேர்?" என்று கேட்டார்கள். "நாலு பேர்" என்றேன்.

பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. சின்னவள் பிறந்ததிலிருந்து யார் கேட்டாலும் என் வாயில் வருகிற பதில் அதுதான். தொண்ணூறாம் ஆண்டு ஈச்சிலம்பற்றில் இருந்து ஓடிவந்து, திருகோணமலையில் மாதா கோயில் பள்ளிக்கூடத்து முகாமில் பெயர் பதிந்த நாள் அது. மூத்தவள் யோகமலர் முதல் நாள்தான் மூதூருக்கு வரும் வழியில் வயிற்றோட்டத்தில் செத்துப்போயிருந்தாள். ஒரு பனையடியில் மணலைத் தோண்டிப் புதைத்தோம். ஷெல் விழத் தொடங்கியதும் திரும்பிப் பார்க்காமல் ஓடினோம்.

பக்கத்தில் நின்ற என் புருஷன் முத்துலிங்கம் என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பதிந்துகொண்டிருந்த இராசமலர் ரீச்சர் நாலு பேர் என்று எழுதிவிட்டார்.

அன்றைக்கு நாலு பேருக்கு அரிசியும் பிள்ளைகளுக்குப் பால்மாவும் கிடைத்தன. சின்னவள் பாலைக் குடித்துவிட்டு இன்னும் கேட்டாள். திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விசாரித்தவர்களிடம் மூத்தவள் மாமி வீட்டில் நிற்கிறாள், வந்துவிடுவாள் என்றோம். மாமி வீட்டில் நிற்கிற பிள்ளைக்கு எப்படி ஒப்பாரி வைப்பது? இரண்டு வருடம் நான் அழவேயில்லை. வெட்கக்கேடு, அவளுடைய பங்கைத் தின்று எனக்கு உடம்பும் தேறியது.

நாங்கள் சைவக்காரர். ஆனால் தண்ணீருக்குக் கோயிலைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளே மாதா, செத்த மகனை மடியில் கிடத்தியபடி இருப்பாள். கண்டாலே எனக்கு எரிச்சல். கொடுத்து வைத்தவள், ஊரே பார்க்க மகனை வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று முறைத்துவிட்டுப் போவேன். பிறகு முறைப்பதற்காகவே உள்ளே போனேன். போகப் போக, இவளுக்குச் சொன்னால் விளங்கும் என்று தோன்றியது. அவளுக்கும் அவள் மகனுக்கும் மட்டும் யோகமலரின் கதையைச் சொன்னேன். அந்த மகன் மூன்றாம் நாள் எழுந்தார் என்று பூசையில் சொன்னார்கள். நம்பினேன். என் பிள்ளை அந்த மணலோடு முடிந்துபோகக் கூடாதே.

நவம்பர் இரண்டாம் திகதி மரித்தவர்களின் நாள். செத்தவர்களின் பெயர்களைப் பூசையில் சத்தமாக வாசிப்பார்கள். அந்தப் பெயர்களை எழுதுகிறவரும் இராசமலர் ரீச்சர்தான். சொன்னால் பால்மா போகும், கள்ளி என்ற பட்டம் வரும். சொல்லாவிட்டால் என் பிள்ளைக்காக ஒரு வாயும் திறக்காது.

தொண்ணூற்றிரண்டில் அந்த வரிசையில் போய் நின்றேன்.

"ஆற்ற பேர் எழுத?"

"யோகமலர். என்ர மூத்த பிள்ளை, ரீச்சர். இஞ்ச வாறதுக்கு முதல் நாளே செத்துப்போனாள். ரெண்டு வருசமா உங்களை ஏமாத்தினனான்."

ரீச்சர் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியும், குணமணி. முதல் வருசம் நத்தார்ப் பெருநாளுக்கு உடுப்புக் குடுக்கேக்க மூத்தவளுக்கு ஆறு வயசுச் சட்டை கேட்டனீங்கள். போன நத்தாருக்கும் ஆறு வயசுச் சட்டைதான் கேட்டனீங்கள். உங்கட பிள்ளை வளரவேயில்லை."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்ல?"

"கேட்டால் பேரை வெட்டவேணும். எனக்கு ஏலாமப் போச்சு. நானும் குற்றவாளிதான். நாளைக்கு மாத்துவம். இண்டைக்கு அவளுக்காக அழுங்கோ."

முகாமுக்கு வந்து பையைத் திறந்தேன். இரண்டு சட்டைகளும் மடிப்புக் கலையாமல் கிடந்தன. சின்னவள் எத்தனையோ தரம் கேட்டும் கொடுத்ததில்லை. அவளுக்கும் இப்போது ஆறு வயது. நீலச் சட்டையைப் போட்டுவிட்டேன். அளவாக இருந்தது.

"அக்கா வந்து கேட்டால்?"

"அக்கா செத்துப்போனா, மகள். அம்மா உனக்குப் பொய் சொன்னனான். கடவுள் எழுப்பேக்க அக்கா எழும்புவா. அது பொய்யில்லை."

பூசையில் யோகமலரின் பெயரை வாசித்தபோது வாய்விட்டுக் கத்தி அழுதேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் ரீச்சர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "எத்தனை பேர்?"

"மூண்டு பேர்."

பக்கத்தில் நின்ற முத்துலிங்கம் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.