எனக்கு ஒரு குறை இருக்கிறது

சாகவென்று ஆற்றில் இறங்கிய என் வீட்டுக்காரரை ஐயம்பெருமாள் பிள்ளை இழுத்துக் கரையில் போட்டு ஆறு மாதமாயிற்று. வயலுக்குப் போகிற வழியில் பிள்ளைவாள் பார்க்காதிருந்தால் அன்றே நான் விதவை. ஊருக்கு அவர் இஸ்ரவேல் வாத்தியார். எங்கள் ஒரே மகள் லில்லி வாந்திபேதியில் போன இருபதாம் நாள் இந்தக் காரியத்தைச் செய்தார். ஏன், லில்லி எனக்கும் மகள்தானே?

பெரும்பாவம் என்று சபை அவரை அப்பமும் ரசமும் எடுக்கும் இராப்போசனத்திலிருந்து நிறுத்தியது. அப்பம் கொடுக்கும் வேளையில் அவர் வெளியே போய்விட வேண்டும். செத்திருந்தால் மணி இல்லை, ஜெபம் இல்லை, கல்லறைத் தோட்டத்தின் கள்ளிவேலிக்கு வெளியே புதைத்திருப்பார்கள். லில்லி உள்ளே, அவர் வெளியே. நான் எந்தப் பக்கம் நின்று அழுவது? இதையே நினைத்து வயிறெரிந்தேன். அவருக்குச் சோறு போட்டேன், முகம் கொடுக்கவில்லை.

அவரைத் திரும்பச் சேர்க்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. முழங்காலிட்டுத் தேவனிடமும் சபையிடமும் மன்னிப்புக் கேட்டார்.

"கர்த்தர் மன்னிச்சுட்டாரு. அன்னைக்கு இவர் ஆத்தோட போயிருந்தாலும் அவரோட இரக்கம் கள்ளிவேலியோட நின்னிருக்காது" என்றார் எங்கள் போதகர் தேவசிகாமணி ஐயர். பிறகு வழக்கப்படி, "இவர்பேரில் யாருக்காவது குறை உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் வேதக்கோயிலில் யாரும் வாய் திறந்ததில்லை. ஐயரும் பதிலுக்குக் காத்திராமல் புத்தகத்தைப் புரட்டினார்.

நான் பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்தேன்.

"எனக்கு இருக்கு ஐயா."

பக்கத்திலிருந்த பாக்கியவதி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு சாலோமி, மானம் போகுது."

மானமாவது மண்ணாங்கட்டியாவது.

"தேவன்கிட்ட கேட்டாரு, சபைகிட்ட கேட்டாரு. எங்கிட்ட இன்னும் கேக்கலை. பிள்ளையப் பறிகொடுத்தவளைத் தனியா விட்டுட்டுப் போகப் பாத்தாரே, அது எனக்குச் செஞ்சது இல்லையா?"

ஆராதனை நேரத்தில் ஆண்பிள்ளை பெண்கள் பாயை மிதித்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் கிடையாது. அவர் நடுவழியைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றார்.

"உங்கிட்ட கேக்கத்தான் பயமா இருந்துச்சு. தேவன் மன்னிப்பாருன்னு வேதத்துல எழுதியிருக்கு. நீ மன்னிப்பேன்னு எங்கன எழுதியிருக்கு?"

பாவி மனுஷன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும்.

"தப்புதான் சாலோமி. உன்னைய விட்டுட்டு இனி எங்கயும் போகமாட்டேன்" என்றார். நெஞ்சில் கிடந்த அம்மிக்கல் இறங்கியது.

"குறை தீந்துதாம்மா?" என்றார் ஐயர்.

"தீந்துது ஐயா. இன்னைக்கு எனக்கும் அப்பம் குடுங்க."

என் வீட்டுக்காரர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். மனத்தாங்கலோடு கை நீட்டக் கூடாதென்று நானும் ஆறு மாதமாக அப்பம் எடுக்கவில்லை என்பது, வெளியே நின்றவருக்கு எப்படித் தெரியும்?