எலியானின் முகவரி

எலியான் வுர்ம்சரின் வகுப்புப் பலகையில் அந்தப் படத்தை வரைந்தது யார் என்று எங்கள் பள்ளியில் எவரும் வாய் திறந்து கேட்கவில்லை. பள்ளியில் நானும் கேட்கவில்லை.

அவள் சரித்திர ஆசிரியை, நான் உயிரியல். பிரான்ஸில், ஸ்ட்ராஸ்பூர்கில் பதினான்கு வருஷமாக ஒரே பள்ளி, ஒரே ட்ராம், ஒருத்தி வீட்டுக் கேக் இன்னொருத்தி வீட்டில். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை முதல் பீரியடுக்கு அவள் வகுப்பைத் திறந்தபோது, பலகையில் ஓர் அடுப்பு, அதற்குள் எலியானைப் போலவே கண்ணாடி போட்ட ஒரு பெண். கீழே, ‘பாக்கி ஒன்று’. எலியானின் அப்பாவைப் பெற்றவர்கள் இருவரும் நாஜி முகாமில் செத்த யூதர்கள். அது பள்ளி முழுக்கத் தெரிந்த விஷயம்.

தலைமையாசிரியர் ரிங்கைசன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“அழிச்சிடுங்க மேடம். பிள்ளைங்க வெளையாட்டு. பெருசாக்கினா நாளைக்குப் பத்திரிகைக்காரன் வந்து நிப்பான்.”

“வெளையாட்டுன்னா அப்படியே இருக்கட்டும் சார். நான் இதுக்குப் பக்கத்துல நின்னே பாடம் நடத்தறேன்.”

அப்படித்தான் நடத்தினாள், ஒரு மணி நேரம் முழுதும். அந்த வகுப்பில்தான் என் மகள் லிசோனும் இருந்தாள். பதினைந்து வயது. சாயங்காலம் அவளிடம் கேட்டேன்.

“யாருடி வரைஞ்சது?”

“தெரியாதும்மா. எல்லாரும் சிரிச்சாங்க, அவ்வளவுதான்.”

“நீ?”

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து எலியான் என்னை ஓய்வறையில் பிடித்தாள். “வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்துல நான் இதைப் பேசப் போறேன். நீயும் எழுந்து ஒரு வார்த்தை சொல்லு கொரின்.”

“பரீட்சை முடியட்டும்டி. இப்பவே எல்லாரும் கடுப்புல இருக்காங்க.”

“சரி, பரீட்சை முக்கியம்,” என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். கூட்டத்தில் தனியாகப் பேசினாள். ரிங்கைசன் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் வீட்டுத் தபால்பெட்டிக்குள் யாரோ நாய்ப்பீயைக் கொட்டியிருந்தார்கள். பெயர்ப்பலகையில் ஆணியால் நாஜிச் சின்னம் கீறியிருந்தது. அவள் அந்த வீட்டுக்கு மாறி எட்டு மாசம்கூட ஆகவில்லை. முகவரி தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். குடிபோன அன்று புத்தகப் பெட்டிகளை மாடிக்குத் தூக்க நாங்கள்தான் போயிருந்தோம், நானும் லிசோனும்.

செய்தி கேட்டதும் நேரே வீட்டுக்கு வந்து, போனைக் கேட்டு லிசோனிடம் கை நீட்டினேன். அவள் மறுக்கவில்லை. அழுதுகொண்டே போனைத் திறந்து கொடுத்தாள்.

வகுப்புப் பிள்ளைகளின் அரட்டைக் குழு அது. போன வருஷம் கேன்டீன் கீரையைக் கிண்டல் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள். பிறகு யாரோ முகமூடிக்காரன் யூதர்களைத் திட்டிப் பேசும் வீடியோக்கள். பிறகு ‘ஓநாய்’ என்ற பெயரில் புதிதாக ஒருவன். அவன் யாருடைய அண்ணன், எந்த ஊர், எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. படம் வரைந்த மறுநாள் அவன் கேட்டிருந்தான்: ‘அந்தக் கிழவி வீடு தெரிஞ்ச தைரியசாலி யாராவது இருக்கீங்களா?’ இரண்டு நிமிஷத்தில் பதில். தெரு, எண், மூன்றாவது மாடி, ஒரு சிரிப்புப் பொம்மை. அனுப்பியவள் என் மகள்.

“ஏன்டி?”

“அந்தக் குரூப்புல நான் எது சொன்னாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்கம்மா. அன்னைக்கு எல்லாரும் இதயம் போட்டாங்க.” மூக்கைத் துடைத்தாள். “அவன் நெஜமாவே போவான்னு நினைக்கல.”

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த வரியின் மேல் என் கட்டைவிரல் வெகுநேரம் இருந்தது. அழித்துவிட்டால் முடிந்தது. பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும். பிறகு, “செருப்பைப் போடு,” என்றேன்.

எலியான் கதவைச் சங்கிலி போட்டபடியே திறந்தாள். எங்களைப் பார்த்துச் சங்கிலியை எடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. சமையலறை மேஜையில் உட்காரச் சொல்லி, போனை லிசோன் பக்கம் தள்ளினாள்.

“படி.”

“எதை?”

“முதல்லேர்ந்து. கீரையிலேர்ந்து.”

லிசோன் படித்தாள். கீரை, கணக்கு வாத்தியாரின் வழுக்கை, கால்பந்து. போகப் போக அவள் குரல் சிறுத்தது. யூதர்களைப் பற்றிய முதல் ஜோக்கை அவளால் விழுங்கி விழுங்கித்தான் சொல்ல முடிந்தது. நாற்பதாவது ஜோக்கில் நிறுத்திவிட்டாள்.

“போதும் அத்தை.”

சின்ன வயதில் லிசோன் எலியானை அப்படித்தான் கூப்பிடுவாள். எங்கள் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து மேடம்தான்.

“அத்தைன்னு கூப்பிடாதே,” என்றாள் எலியான். “படி.”

முகவரி வந்தது. லிசோன் அதையும் படித்தாள்.

“எனக்கு இன்னைக்கு மன்னிக்க வரல,” என்றாள் எலியான். “நாளைக்கு வருமான்னும் தெரியல. வா, போலீஸ்ல இதை அப்படியே கொடுக்கலாம்.”

மூவரும் நடந்தே போனோம்.

விசாரணை நடந்தது. படம் வரைந்த இருவரைப் பள்ளி நீக்கியது. லிசோனுக்கு ஒரு வாரம் பள்ளிக்கு வரத் தடை, பிறகு நீதிபதியின் எச்சரிக்கை. ஓநாய் அகப்படவேயில்லை. படம் வரைந்தவர்களின் பெயரைச் சொல்லி லிசோன் வாக்குமூலம் கொடுத்ததால் இப்போது அவளோடு யாரும் உட்காருவதில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று அவள் பையில் எழுதினார்கள்.

எலியான் நான்சி நகருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். மே மாதக் கூட்டத்தில் ரிங்கைசன், “மேடம் வுர்ம்சர் சொந்தக் காரணங்களுக்காக நம்மை விட்டுப் போறாங்க,” என்று படித்தார். நான் எழுந்தேன்.

“சொந்தக் காரணம் எதுவும் இல்ல சார். அவ யூதர்ங்கறதால இங்கேர்ந்து விரட்டினாங்க. முகவரி கொடுத்தது என் பொண்ணு. வாயை மூடிட்டு இருந்தது நானும் நீங்களும்.”

உடற்பயிற்சி ஆசிரியர் மட்டும், “உண்மைதான்,” என்றார். மற்றவர்கள் காப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள். ரிங்கைசன் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

செப்டம்பரில் எலியான் போன் செய்தாள்.

“எழுந்து பேசினியாமே. லேட்டுடி.”

“தெரியும்.”

“இங்கே என்னை ‘மேடம் மர்த்தேன்’னுதான் கூப்பிடறாங்க. வுர்ம்சர்ன்னா யூதப் பேர்னு தெரிஞ்சிடும்ல. விவாகரத்தாகி ஒன்பது வருஷம் கழிச்சு பழைய புருஷன் பேரைப் போட்டுட்டுத் திரியறேன் பாரு.” சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு, “அவ எப்படி இருக்கா?” என்றாள்.

“தனியா போயிட்டுத் தனியா வரா.”

“சாப்பிடறாளா?”

“சாப்பிடறா.”

“சரி,” என்றாள். “மணி அடிக்குது, கிளாஸுக்குப் போகணும்.”