ஒன்பதாம் நம்பர் மலையில் மீனம்மா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு தோட்டம் பூரா பேரு. பிரியந்தி காதுல விழுந்தா ஊருக்கே தெரிஞ்ச மாதிரின்னு சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்டவ, போன மாசம் கர்னல் சிவசாமி ஐயா வந்தப்ப மொதல்ல வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். இப்ப நெனச்சாலும் என் மேலயே எனக்குக் கோவம் வருது.

அவரு இலங்கையில எங்க கந்தப்பளை தேயிலத் தோட்டத்துல பொறந்தவரு. அஞ்சு வயசுல அம்மா மீனம்மா செத்துப்போனாங்க. ஏழு வயசுல அப்பாவோட கப்பலேறி இந்தியா போயிட்டாரு. கோத்தகிரியில தேயிலக் காட்டுலயே வளந்து, படிச்சு, பட்டாளத்துல ஆபீசராகி, கார்கில் சண்டையில வீர் சக்ரா விருது வாங்கினவரு. இப்ப ரிட்டயராகிட்டாரு. அம்மாவப் பொதச்ச எடத்துல ஒரு மாலை போடணும், அதுக்கு வர்றேன்னு எங்க தோட்டத்துச் சங்கத் தலைவர் பிரதாப்புக்கு போன் பண்ணியிருந்தாரு.

பிரதாப் ஆடிப்போயிட்டான். பொதச்ச எடத்துக்கு எங்க போறது? அந்த எடத்தையெல்லாம் முப்பது வருசத்துக்கு முன்னாடியே ஒன்பதாம் நம்பர் மலையோட சேத்துத் தோண்டி, புதுத் தேயில நட்டாச்சு. இவ்வளவு பெரிய மனுசன வெறுமனே அனுப்புறதான்னு, கோயிலுக்குப் பின்னால ஒரு மேட்டச் சுத்தம் பண்ணி, நாலு கல்லு நட்டு, சுண்ணாம்பு அடிச்சு, இதுதான்னு காட்டிடுவோம்னான். எல்லாரும் தலையாட்டினோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லீங்க.

ஆனா அந்த மலையில தேயிலக் கன்னுக்குக் குழி வெட்டின கூட்டத்துல நானும் ஒருத்தி. அப்ப பதினேழு வயசு. என் குழியில எலும்பும் ஒடஞ்ச கண்ணாடி வளையலும் வந்துச்சு. கங்காணி சூடம் கொளுத்திக் கும்பிட்டுட்டு, மண்ணத் தள்ளிக் கன்ன நடச் சொன்னாரு. நட்டுட்டேன். யாரு எலும்போ, யாருக்குத் தெரியும்.

ஐயா வந்தாரு. ஒரு காலச் சாச்சுச் சாச்சு நடந்தாரு. சுண்ணாம்புக் கல்லுக்கு மாலை போட்டுட்டு ரொம்ப நேரம் குனிஞ்சே நின்னாரு. பிரதாப் சும்மா இருக்காம விருதப் பத்திக் கேட்டான். பனிமலை உச்சியில எதிரியோட காவலரணப் பிடிச்சதுக்குக் குடுத்தாங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. அப்புறம் அவராவே வேற ஒண்ணு சொன்னாரு. அந்தச் சண்டையில அவரு ஆளுல ஒரு பையன் உச்சிக்குக் கிட்டயே செத்துட்டானாம். மேல இருந்து குண்டு மழையாக் கொட்டுது. எல்லாரும் விட்டுட்டு வாங்கன்னாங்களாம். இவரு தவழ்ந்து போயி, பையனக் கயித்துல கட்டிக் கீழ இழுத்துக்கிட்டு வந்தாராம். தொடையில குண்டு பாஞ்சது அப்பத்தான்.

"அவனோட அம்மா அவன் பக்கத்துல உக்காந்து அழணும்ல. எங்கம்மா எங்க கெடக்காங்கன்னே தெரியாம வளந்தவன் நான். இன்னக்கி நீங்க காட்டிட்டீங்க"ன்னு எங்களக் கும்பிட்டாரு.

அதுக்கு மேல தாங்குமா எனக்கு? "ஐயா, இது பொய்"னேன்.

பிரதாப் என்னை மொறச்சான். நான் வளையல் வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லிட்டேன். ஐயா மொகம் இருண்டுபோச்சு. அப்புறம், "அங்க கூட்டிட்டுப் போ தங்கச்சி"ன்னாரு.

மலையடியில கால்ல போட்டிருந்த சப்பாத்தக் கழட்டி வச்சுட்டு ஏறினாரு. இந்த ஓடையிலருந்து அந்தப் பாற வரைக்கும் எல்லாம் பொதச்ச எடந்தான், அம்மா எந்த எடம்னு சத்தியமா தெரியாதுன்னேன். அது மேல செடி நட்ட கை இதுதான், மன்னிச்சிருங்கன்னு அழுதுட்டேன்.

அவரு ஒரு தேயிலச் செடியத் தொட்டுக்கிட்டே, "இங்க தெனம் ஆளு வருமா?"ன்னு கேட்டாரு.

"கொழுந்து இருக்கிற நாளெல்லாம் வருவோம் ஐயா, பத்துப் பொம்பளைங்க. எங்க சண்ட, சிரிப்பு, ஊர்க்கத எல்லாம் இங்கதான்."

அவருக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சு. "அம்பது வருசமா அவங்க தனியாக் கெடக்காங்கன்னு நெனச்சுட்டேனே"ன்னாரு. "ரொம்ப நன்றி தங்கச்சி."

ரெண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டாரு. முன்னப்பின்ன தெரியாத ஒரு தாய்க்குப் பனிமலையிலருந்து புள்ளையக் கொண்டுபோய்க் குடுத்த கை அது. கும்பிட விடாம அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.