வார்த்தை இல்லாத பதினெட்டு நிமிடம்

ஜோ கல்யாண வீடியோ எடுப்பவன். சின்னமனூர் வட்டாரத்தில் அவன் கேமரா ஏறாத மணமேடை கிடையாது. அப்பேர்ப்பட்டவனுக்குத்தான், ஒரு வார்த்தைகூட இல்லாத ஆவணப்படம் எடுக்கும் கிறுக்குப் பிடித்தது. சும்மா பிடிக்கவில்லை.

அவன் மனைவி அனிதா மேரி தென்னந்தோப்பில் நாற்பது தேனீப் பெட்டி வைத்திருந்தாள். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். அதுவரை ஆட்கள் பந்தலுக்கு அடியில் நின்று மேல்நோக்கி மருந்தடித்தார்கள். மருந்து இலையோடு நின்றுவிடும். டிரோன் மேலே பறந்து அடித்தால்? கம்பம் பள்ளத்தாக்குக் காற்று சும்மா விடுமா, அத்தனையையும் அள்ளித் தேனீ மொய்க்கும் தென்னம்பாளையில் கொட்டும். போன வருடம் சோதனைக்கு ஒரே தோட்டத்தில் அடித்தார்கள், பன்னிரண்டு பெட்டி போயிற்று. இப்போது ஊர் முழுக்க டிரோன் விடலாமா என்று விவசாயிகள் சங்கம் முடிவெடுக்கப் போகிறது. அந்தக் கூட்டத்தில் போடத்தான், போன வருடச் சோதனையில் எடுத்து வைத்ததைக் கோத்து இந்தப் படம்.

"ஏங்க, நடுவுல ரெண்டு வார்த்த சொல்லிருங்களேன்" என்றாள் அனிதா.

"படமே பேசும்டி."

பேசுமாம்! படித்துப் படித்துச் சொன்னாள், கேட்டானா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் சங்கக் கூட்டம். ஜோ ஜன்னலைச் சாத்திப் படத்தைப் போட்டான். பனி படர்ந்த பந்தல், மேலே எழும் டிரோன், வெள்ளைப் புகையாய் மிதந்து போகும் மருந்து. சத்தம் என்றால் டிரோன் விசிறியும் காற்றும்தான்.

அந்த ஊர் ஜனம் ஜோவின் வீடியோவை எதற்குப் பார்க்கும்? தன் முகம் எங்கே வருகிறது என்று தேடத்தான். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் அதுதான் பழக்கம்.

"ஏலே, அது நம்ம தோட்டம்லே!"

விசில் பறந்தது. சாகிற தேனீக்கள் தரையில் துடித்துச் சுழன்றதைப் பார்த்து, பூச்சி டான்ஸ் ஆடுது என்று சின்னப்பிள்ளைகள் கைதட்டின.

விளக்கைப் போட்டதும் சங்கச் செயலாளர் ஈஸ்வரபாண்டி எழுந்தார். கெட்ட மனிதரில்லை, யார் வீட்டுச் சாவுக்கும் முதலில் வந்து நிற்பவர்.

"தம்பி, மெசினு இம்புட்டு அழகா வேல செய்யும்னு தெரியாமப் போச்சே. யோசிச்சுக்கிட்டு இருந்தவகளும் இப்பச் சரின்னுட்டாக."

"அண்ணே, அது பூச்சி சாகுறதுண்ணே!" என்று கத்தினாள் அனிதா.

"ஒம் புருசன் எடுத்த வெளம்பரந்தான ஆத்தா?" என்றாள் பின்னால் ஒருத்தி. மண்டபமே சிரித்தது.

"அது வெளம்பரமில்ல" என்றான் ஜோ. யார் காதில் விழுந்தது? கைகள் உயர்ந்துவிட்டன. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அவன் கேமராவால் வைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை டிரோன் வந்தது. முதல் நாள் இரவே அனிதா எல்லாப் பெட்டியையும் மூடினாள். எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? சனிக்கிழமை திறந்தாள். பாளையில் படிந்த மருந்து அங்கேயேதான் இருந்தது. திங்கட்கிழமை பெட்டிக்கடியில் செத்துக் கிடந்த தேனீக்களைக் கைகையாய் அள்ளினாள். ஜோவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அன்று மாலை ஈஸ்வரபாண்டி தோப்புக்கு வந்தார். பெட்டிகளைப் பார்த்து நிஜமாகவே வருத்தப்பட்டார். "வேற பூச்சி வாங்கிக்கலாம் தங்கச்சி, மனசு விட்றாத" என்றார். போகும்போதுதான் ஜோவிடம் சொன்னார்:

"ஒங்க படத்த குரூப்புல போட்டேன் தம்பி. பக்கத்தூரு கோம்பைக்காரக பாத்துட்டு அவுகளும் டிரோன் வேணும்னு நிக்கிறாக."

அனிதா நிமிர்ந்தாள். "அங்கன முனீஸ்வரியக்கா அம்பது பெட்டி வச்சிருக்கு. போனப் போடுங்க, இப்பவே சொல்லுங்க."

ஜோ உடனே போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஜோ தம்பியா! ஆயுசு நூறு. ஒங்க படத்தத்தான் நாலாந் தடவையாப் பாத்துக்கிட்டிருக்கேன். என்னா அழகு! நாளைக்கு எங்க ஊருக் கூட்டத்துல நானும் கையத் தூக்கப் போறேன்."