கிருத்திகையன்று இரண்டு முட்டை

செருப்பைத் தேடப் போய்த்தான் தாமோதரன் அந்தக் கலகத்தை வீட்டுக்குள் இழுத்துவிட்டான். கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவியதில் செருப்பு வரவில்லை. ஒரு எவர்சில்வர் டப்பா வந்தது. மூடி கழன்று, அவித்து உரித்த முட்டைகள் இரண்டு சிமென்ட் தரையில் உருண்டுபோய், முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த அவன் அம்மா பாப்பம்மாவின் காலடியில் நின்றன.

அன்று கிருத்திகை. பிள்ளை வரம் கேட்டு அவன் மனைவி ஷோபா பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கவேண்டிய நாள்.

அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் தினமும் வேலைக்கு ஊரிகம் ஸ்டேஷனில் ஏறிப் பெங்களூரில் இறங்கும்வரை ரயில் பெட்டியையே சிரிக்கவைக்கிற வாய் அது.

"இன்னாம்மா, நம்ம கட்டிலு முட்ட போட ஆரம்பிச்சிடுச்சு" என்றது.

யாரும் சிரிக்கவில்லை. பாப்பம்மா கற்பூரத்தட்டை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் இரும்புக் கரண்டியோடு திரும்பினாள். முதல் அடி ஷோபாவின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடியில் புருவம் பிளந்தது.

இரண்டு கரு அவளுக்கு நிற்காமல் போயிருந்தன. உடம்பில் ரத்தமே இல்லை, முட்டை, கீரை, ஈரல், கேழ்வரகு என்று வயிறாரச் சாப்பிடட்டும் என்று ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மா சொன்னபோது தாமோதரனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வந்து, டாக்டரம்மா ஓட்டல் மெனு ஒப்பித்ததாக நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள், மறந்தார்கள். பாப்பம்மாவின் வைத்தியம் வேறு: செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை எல்லாம் பட்டினி. மற்ற நாட்களில் ஆண்கள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, பானையில் ஒட்டியிருப்பது மருமகளுக்கு. காய்ந்துபோன உடம்பை இன்னும் கொஞ்சம் காயவைத்தால் அதில் பிள்ளை முளைக்கும் என்று ஒரு குடும்பமே நம்பியது. தாமோதரனும் நம்பினான், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே நம்பினான்.

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து அப்பா கோவிந்தன் வந்தார். அவர் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் அவர் கோபம் மட்டும் இன்னும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்த செம்பை வீசினார். அது ஷோபாவின் காதை உரசிச் சுவரில் மோதி நசுங்கியது.

"பொண்டாட்டிய ஒரு அறை உட வக்கில்ல, ஜோக் அட்ச்சிக்கினு கீறான்."

தெருநாய்மேல் கல்லெறிபவனோடு சண்டைக்குப் போகிறவன் தாமோதரன். அந்தக் கைதான் ஓங்கியது. அறைந்த வேகத்தில் ஷோபா கட்டில் காலில் மோதி விழுந்தாள். அவள் அலறவில்லை. அலறியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு நடுவே ஒரே சுவர். பக்கத்து வீட்டு லூயிசா கேழ்வரகு மாவு ஒட்டிய கையோடு உள்ளே வந்து, மூன்றாவது முறை இறங்கிய கரண்டியைத் தன் மணிக்கட்டில் வாங்கினாள்.

"மூணு மாசம் முழுகாம கீறா. முட்ட நான் குடுத்தது. அடிக்கணும்னா என்ன அடிங்க."

கரண்டி கீழே விழுந்தது. பாப்பம்மாவின் முகம் மலர்ந்ததைத் தாமோதரன் பார்த்தான். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவன் கண்டதேயில்லை. விரதம் பலித்துவிட்டது என்றாள். மருமகளின் புருவத்திலிருந்து வழிந்த ரத்தத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்துக்கொண்டு, அதே மூச்சில் அடுத்ததையும் சொன்னாள். நன்றிக்கடனாகப் பிரசவம்வரை விரதங்கள் தொடரும். மற்ற நாளில் ஒருவேளைச் சோறுதான், வயிறு முட்டத் தின்றால் பிள்ளை பெருத்து வெளியே வராது. கோவிந்தன் சாமிக்குப் பூ வாங்கிவரச் சட்டையை மாட்டினார்.

ஷோபா எழுந்தாள். மாமியாரின் கையை விலக்கிவிட்டு லூயிசாவோடு வெளியே நடந்தாள்.

தாமோதரன் போய் நின்றபோது அவள் லூயிசாவின் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு, மறு கையால் களியை ஈரல் குழம்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். துணியில் ஊறிய ரத்தம் தட்டு விளிம்பில் சொட்டியது. அவள் நிறுத்தவில்லை.

"யக்கா, எனக்கும் ஒரு தட்டு..." என்று ஆரம்பித்தவன் தட்டு விளிம்பைப் பார்த்துப் பாதியிலேயே நிறுத்தினான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று லூயிசாவிடம் கேட்டான். அவள் ஷோபாவின் தட்டில் இன்னொரு உருண்டை களி வைத்தாள்.

கடைசியில் ஷோபாவிடமே கேட்டான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

கல்யாணமான நாளாக அவன் எதைக் கேட்டாலும் 'ஒண்ணுமில்லீங்க' என்பதுதான் அவள் பதில். இப்போது வாயிலிருந்ததை மென்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்ககிட்ட சொன்னா உங்கம்மாகிட்ட சொல்லுவீங்க. அவங்க சாமிகிட்ட சொல்லுவாங்க. அப்புறம் நான் பட்டினி கெடக்கணும். மொத ரெண்டும் அந்தப் பட்டினிலதான் செத்துச்சு. இத நான் துன்னு பெத்துக்கப் போறேன். நீங்க வூட்டுக்குப் போங்க."